அத்தியாயம் 6: ஏஜென்டுக்கு டூலை எடுத்துச் சொல்வது

"ஊரின் இடத்தைத் தேடித் தரும்." ஒரு ஏஜென்டுக்காக நான் முதலில் எழுதிய டூல் விளக்கம் இந்த ஒரு வரிதான். டூலுக்குப் பின்னால் இருந்த நிரல் சரியாகவே ஓடியது. ஆனால் ஐப்பசியில் ஒருவர் "சேலத்துல நாளைக்கு மழை இருக்கா?" என்று கேட்டபோது, ஏஜென்ட் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தலைநகரான சேலத்தின் மழையை எடுத்துச் சொன்னது. நாட்டுக் குறியீட்டுக்கான பாராமீட்டர் அந்த டூலில் முன்பே இருந்தது. அதை எப்போது நிரப்ப வேண்டும் என்றுதான் எங்கும் எழுதப்படவில்லை. நிரலில் கை வைக்காமல் விளக்கத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்தேன். அதன்பின் அந்தத் தவறு வரவில்லை.

இந்த அத்தியாயத்தில் அதே மழை ஏஜென்டை எடுத்துக்கொண்டு, அதன் டூல் விளக்கங்களை முதலிலிருந்து எழுதப்போகிறோம். அடியில் இருப்பது ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலை ஏபிஐ. வணிக நோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு ஏபிஐ கீ கூட கேட்காது என்பதால், நீங்கள் இன்றே முயன்று பார்க்கலாம்.

மாடலின் கண்ணுக்குத் தெரிவது

கோட்பாடு இவ்வளவு போதும். பயனரின் கேள்வியோடு டூல்களின் பட்டியலையும் சேர்த்து மாடலுக்கு அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு டூலுக்கும் மூன்று பகுதிகள்: பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா. மாடல் டூலைத் தானே ஓட்டுவதில்லை. "இந்த டூலை இந்த மதிப்புகளோடு கூப்பிடு" என்று எழுதிக் கொடுக்கிறது. உங்கள் நிரல் அதை ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்புகிறது. மாடல் அந்த விடையைப் படித்துவிட்டுப் பயனருக்குப் பதில் சொல்கிறது, அல்லது அடுத்த டூலைக் கேட்கிறது.

உங்கள் ஃபங்ஷனின் உள்ளே என்ன இருக்கிறது, ஏபிஐயின் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் மாடலுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் உங்களுக்கு போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. வேலைக்கு இன்று காலை சேர்ந்த ஒருவரிடம் ஒரு துண்டுச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியூர் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம்.

ஓபன்ஏஐ இப்படி டூலைக் கூப்பிடும் வசதியை 2023 ஜூனில் தன் ஏபிஐயில் கொண்டுவந்தது. ஆந்த்ரோபிக்கின் கிளாட் மாடல்களில் இது 2024 மே மாதம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் டூல்களை மாடலோடு இணைக்க எம்சிபி என்ற பொது நெறிமுறை வந்தது. புலங்களின் பெயர்கள் ஒன்றுக்கொன்று சற்று மாறும். உள்ளீட்டை விவரிக்க மூன்றுமே ஜேசன் ஸ்கீமாவைத்தான் கையாள்கின்றன. ஆகவே இங்கே கற்பது எங்கும் பயன்படும்.

படி 1: கேள்விகளைத் திரட்டுங்கள்

விளக்கம் எழுத உட்காரும் முன், உண்மையான மனிதர்கள் கேட்கக்கூடிய 20 கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்களாகக் கற்பனை செய்வதைவிட, வீட்டிலும் ஊரிலும் இருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் வாயில் வரும்படியே எழுதிக்கொள்வது நல்லது. என் தாளில் இருந்தவற்றில் சில:

1. தஞ்சாவூர்ல இந்த வாரம் மழை வருமா?
2. நாளைக்கு நெல்லை காயப் போடலாமா?
3. சேலத்துல ஞாயித்துக்கிழமை கல்யாணம், பந்தலுக்கு மேல தகரம் போடணுமா?
4. நேத்து திருச்சியில எத்தனை மில்லிமீட்டர் பெஞ்சுது?
5. புயல் கரையைக் கடந்துருச்சா?
6. மேட்டூர் அணையில தண்ணி எவ்வளவு?

இரண்டாம் கேள்வியைக் கவனியுங்கள். "நெல்லை" என்பது நெல்லா, திருநெல்வேலியா? நமக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மாடல் ஊர்ப் பெயராக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. கடைசி மூன்று கேள்விகளுக்கு நம் டூலில் விடையே இல்லை. அவையும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். டூலைக் கூப்பிடக் கூடாத கேள்விகளைச் சோதிக்காதவர்கள், எதைக் கேட்டாலும் டூலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஏஜென்டைத்தான் பெறுவார்கள்.

படி 2: ஏபிஐயை உங்கள் கையால் கூப்பிட்டுப் பாருங்கள்

ஆவணத்தைப் படித்தால் போதும் என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பிரவுசரில் முகவரியைத் தட்டி, வரும் ஜேசனைக் கண்ணால் பாருங்கள். எது உங்களை ஒரு நொடி நிறுத்தி யோசிக்க வைக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள்தான் பின்னால் விளக்கமாக மாறும். நான் குறித்த மூன்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, நேர மண்டலம். ஓப்பன்-மீட்டியோவில் நேர மண்டலத்தை நீங்கள் சொல்லாவிட்டால் மணிவாரியான நேரங்கள் கிரீன்விச் நேரத்தில் வரும். இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கிரீன்விச் கணக்கில் ஒரு நாளின் மழையைக் கூட்டினால், அந்த "நாள்" நமக்கு விடியற்காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடியும். 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குக் கொட்டிய மழை 14ஆம் தேதிக் கணக்கில் விழும். வடகிழக்குப் பருவமழை இரவில் பெய்யும் நாட்களில் இது பதிலையே தலைகீழாக்கிவிடும். எனவே நேர மண்டலத்தை மாடலிடம் கேட்காமல், "ஏசியா/கொல்கத்தா" என்று நிரலிலேயே பதித்துவிட்டேன்.

இரண்டாவது, இன்னொரு "நாள்". இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும் 24 மணி நேர மழையளவு காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரையிலானது. நம் டூல் தருவது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. செய்தியில் கேட்ட அளவோடு டூலின் அளவை ஏஜென்ட் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், இரண்டும் சரியாக இருந்தும் பொருந்தாது. இதை விளக்கத்தில் எழுதாமல் விட முடியாது.

மூன்றாவது, எண்கள் இடம் மாறுவது. சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. சில வடிவங்களில் அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன் போன்றவற்றில் தீர்க்கரேகை முதலில் வரும். மாடலும் மனிதர்களைப் போலவே இதில் தடுமாறும். மாற்றி அனுப்பினால் ஏபிஐ பிழை காட்டும் என்று நினைத்தேன். காட்டாது, ஏனென்றால் 80.27 என்பதும் செல்லுபடியாகும் அட்சரேகைதான். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஓரிடம் அது. சென்னைக்கு மழை கேட்டவருக்கு வடதுருவப் பக்கத்து வானிலை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வந்து சேரும்.

படி 3: எத்தனை டூல் என்று முடிவு செய்யுங்கள்

ஏபிஐயில் இருக்கும் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு டூல் என்று போடத் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். ஓப்பன்-மீட்டியோவின் முன்கணிப்பில் மண்ணின் ஈரம் முதல் மேகமூட்டம் வரை பல பத்து அளவுகள் உண்டு. நம் 20 கேள்விகளுக்குத் தேவைப்படுவது இரண்டே டூல்: ஊர்ப் பெயரிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்று, அந்த இடத்தின் மழையைத் தர ஒன்று.

ஒரே நேரத்தில் 20க்குக் குறைவான ஃபங்ஷன்களைக் கொடுப்பது நல்லது என்பது ஓபன்ஏஐயின் ஆலோசனை. என் அனுபவத்தில் எண்ணிக்கையைவிட, ஒன்றோடொன்று உரசும் டூல்கள்தான் அதிகக் குழப்பம் தருகின்றன. "மழை_விவரம்", "வானிலை_தகவல்" என்று இரண்டை வைத்தால் எதை எடுப்பது என்று மனிதருக்கே தெரியாது. இரண்டு டூல்களின் வேறுபாட்டை உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அவற்றை ஒன்றாக்குங்கள்.

படி 4: பெயர்

ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டிலும் டூல் பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, சிறுகோடு மட்டுமே அனுமதி. நீளம் 64 எழுத்துக்குள். இந்தப் பக்கங்களில் படிக்க வசதியாக நான் தமிழில் எழுதுகிறேன்: ஊர்_தேடு, தினமழை_கணிப்பு.

டூல் எதைப் பற்றியது, என்ன தரும் என்பது பெயரிலேயே தெரியட்டும். "தகவல்_எடு", "செயல்படுத்து" போன்ற பெயர்கள் எதையும் சொல்வதில்லை. "தினமழை_கணிப்பு" என்றால் நாள்வாரியானது, மழை பற்றியது, வரப்போவது என்று மூன்றும் தெரிந்துவிடுகிறது.

படி 5: விளக்கத்தை எழுதுங்கள்

ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது ஆந்த்ரோபிக்கின் ஆவணம். நான் இந்த வரிசையில் எழுதுகிறேன்:

1. டூல் என்ன செய்கிறது.
2. எப்போது பயன்படுத்த வேண்டும். பயனர் சொல்லக்கூடிய சொற்களிலேயே ஓரிரு எடுத்துக்காட்டு.
3. எப்போது பயன்படுத்தக் கூடாது.
4. இதற்கு முன் வேறு எதைச் செய்திருக்க வேண்டும்.
5. விடையில் என்ன வரும், எந்த அலகில், எப்படிப் படிக்க வேண்டும்.

முதல் இரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவதும் ஐந்தாவதும்தான் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. பயனருக்குத் தவறான பதில் போவதும் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான். இதோ திருத்திய விளக்கம்:

தினமழை_கணிப்பு
"இந்தியாவில் உள்ள ஓர் இடத்துக்கு, இன்று முதல் அதிகபட்சம் 16 நாட்களுக்கு, நாள்வாரியான மழை முன்கணிப்பைத் தரும். 'நாளை மழை வருமா', 'இந்த வாரம் அறுவடை செய்யலாமா' போன்ற, வரும் நாட்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பயன்படுத்தவும். கடந்துபோன நாட்களின் மழை, புயல் எச்சரிக்கை, அணை நீர்மட்டம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஊர்_தேடு டூலின் விடையிலிருந்தே வர வேண்டும். நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. பயனர் ஊரைச் சொல்லாவிட்டால் முதலில் அவரிடம் கேட்கவும். விடையில் ஒவ்வொரு நாளுக்கும் தேதி, கிழமை, மொத்த மழை (மில்லிமீட்டர்), மழைக்கான அதிகபட்ச வாய்ப்பு (சதவீதம்) இருக்கும். ஒரு நாள் என்பது இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, காலை 8.30 மணிக்கு அறிவிக்கப்படும் அரசு மழையளவோடு ஒப்பிடக் கூடாது. மதிப்பு வெறுமையாக வந்தால் தரவு இல்லை என்று பொருள். மழை இல்லை என்று பொருளல்ல. இது கணினிக் கணிப்பு. அரசு எச்சரிக்கையாகச் சொல்லக் கூடாது."

நீளமாகத்தான் இருக்கிறது. டூல் விளக்கங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் உள்ளீட்டு டோக்கனாகக் கணக்கில் சேரும் என்பதும் உண்மை. ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியமும் படி 2இல் கண்ட ஒரு சிக்கலையோ படி 1இல் வந்த ஒரு கேள்வியையோ அடைக்கிறது. எதையும் அடைக்காத வாக்கியம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். "சக்திவாய்ந்த, துல்லியமான டூல்" என்ற வகைப் புகழ்ச்சி முதலில் போக வேண்டியது. அது தேவையில்லாத இடத்திலும் டூலைக் கூப்பிட மாடலைத் தூண்டக்கூடும்.

குறிப்பு: விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம், இன்றைய பெரிய மாடல்களுக்குப் புரியும். அதே பொருளை ஆங்கிலத்தில் எழுதுவதைவிட டோக்கன் கூடும், அவ்வளவுதான். உங்களால் எந்த மொழியில் பிசிறில்லாமல் எழுத முடியுமோ அதில் எழுதுங்கள். தடுமாறும் ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் மேல். எந்த மொழியில் எழுதினாலும், பயனர்கள் சொல்லும் தமிழ்ச் சொற்களை எடுத்துக்காட்டாக அப்படியே வையுங்கள்.

இனி ஊர்_தேடு டூல். இதில் நம் ஊர்களின் செல்லப் பெயர்கள்தான் முக்கியம். கோவை, நெல்லை, தஞ்சை, திருச்சி என்று மக்கள் சொல்வார்கள். இடப்பெயர்த் தரவில் கோயம்புத்தூர், திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று இருக்கலாம். அதனால் இப்படி எழுதினேன்:

"ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, மாவட்டம், மாநிலம், நாடு ஆகியவற்றைத் தரும். சுருக்கப் பெயரை முழுப் பெயராக மாற்றி, ஆங்கில எழுத்தில் அனுப்பவும்: கோவை என்றால் கோயம்புத்தூர், நெல்லை என்றால் திருநெல்வேலி. 'நெல்லை' என்பது நெல்லைக் குறிக்கும் இடமும் உண்டு. வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்யவும். பயனர் வேறு நாட்டைச் சொல்லாதவரை நாட்டுக் குறியீடு இந்தியாவாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் வந்தால் தானாகத் தேர்ந்தெடுக்காமல், மாவட்டத்தையோ மாநிலத்தையோ சொல்லிப் பயனரிடம் கேட்கவும்."

சேலத்தை நேராக்கியவை இதில் நாட்டுக் குறியீடு பற்றிய வாக்கியமும் அடுத்த வாக்கியமும்தான்.

படி 6: பாராமீட்டர்கள்

டூலுக்கு விளக்கம் எழுதிய கையோடு ஒவ்வொரு பாராமீட்டருக்கும் தனியாக விளக்கம் எழுத வேண்டும். சரிபார்க்க வேண்டியவை:

1. எதைக் கேட்கிறீர்கள் என்பது பெயரிலேயே தெரியட்டும். "தேதி" என்பதைவிட "தொடக்க_தேதி" மேல். அதன் விளக்கத்தில் "ஆண்டு-மாதம்-நாள் வடிவில், எடுத்துக்காட்டு 2025-11-14" என்று மாதிரி கொடுங்கள். 05/11 என்பது நமக்கு நவம்பர் 5, அமெரிக்கர்களுக்கு மே 11.

2. விருப்பங்கள் சிலவே என்றால் அவற்றைப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். ஸ்கீமாவில் ஈனம் (enum) என்று ஒரு வசதி உண்டு. "செல்சியஸ், ஃபாரன்ஹீட்" என்று அதில் எழுதிவிட்டால் "சி", "டிகிரி" என்று மாடல் தன்போக்கில் நிரப்புவது குறையும்.

3. கட்டாயம் எது, விருப்பம் எது என்று பிரியுங்கள். விருப்பமானதை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்றும் எழுதுங்கள்: "சொல்லாவிட்டால் 3 நாள்."

4. எண்களுக்கு வரம்பு போடுங்கள். நம் டூலில் அட்சரேகை 6 முதல் 38 வரை, தீர்க்கரேகை 68 முதல் 98 வரை. இந்தியா முழுவதும் இதற்குள் அடங்கும். இரண்டு வரம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று விழாததால், எண்கள் இடம் மாறி வந்தால் நிச்சயம் பிடிபடும். ஆர்க்டிக் கடல் பிரச்சினை இதோடு தீர்ந்தது.

எச்சரிக்கை: ஸ்கீமாவில் வரம்பை எழுதிவிட்டதால் மாடல் அதை மீறவே மீறாது என்று இருந்துவிடாதீர்கள். அதே வரம்பை உங்கள் ஃபங்ஷனின் முதல் வரிகளிலும் சரிபாருங்கள்.

இப்படி டூலையே இறுக்கும் திருத்தத்துக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. மென்பொருள் பிழைகளைத் திருத்தும் ஏஜென்டை உருவாக்கியபோது, ஒட்டுமொத்த ப்ராம்ப்ட்டைவிட டூல்களைச் செம்மைப்படுத்தவே அதிக நேரம் செலவிட்டதாக ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதியது. ஏஜென்ட் மூல அடைவை விட்டு வேறு அடைவுக்குப் போனபின், கோப்புகளின் சார்புப் பாதையைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எப்போதும் முழுப் பாதையையே கேட்கும்படி டூலை மாற்றியதும் அந்தத் தவறு மறைந்தது. "கவனமாகப் பாதையைக் கொடு" என்று பத்து முறை எழுதுவதைவிட, தவறு செய்ய இடமே இல்லாதபடி பாராமீட்டரை அமைப்பது எளிது.

"நாளை" என்ற சொல்லுக்கும் இதே வழிதான். இன்று என்ன தேதி என்று நீங்கள் சொல்லாவிட்டால் மாடலுக்குத் தெரியாது. தேதியைக் கேட்பதற்குப் பதில் நான் "எத்தனை_நாட்கள்" என்று மட்டும் கேட்டேன். விடையில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் "இன்று", "நாளை", "ஞாயிறு" என்று நிரலே எழுதிவிடுகிறது. மாடல் கிழமையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. கல்யாணப் பந்தல் கேள்வி இப்படித்தான் சரியானது.

படி 7: விடையும் பிழைச் செய்தியும்

டூல் திருப்பி அனுப்பும் எழுத்தையும் மாடல்தான் படிக்கிறது. ஆகவே அதுவும் நீங்கள் எழுதும் விளக்கத்தின் தொடர்ச்சிதான்.

முழு ஜேசனையும் அப்படியே கொட்டாதீர்கள். தேவையான நான்கு புலங்களை மட்டும் பொறுக்கி அனுப்புங்கள். பயனர் "கனமழையா?" என்று கேட்பார் என்று தெரிந்தால், அந்த வகைப்பாட்டை நிரலிலேயே செய்துவிடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.4க்கு மேல் அதி கனமழை. இந்த எண்களை விளக்கத்தில் எழுதி மாடலை ஒப்பிடச் சொல்லலாம்தான். மூன்று வரி நிரல் எப்போதும் தவறாமல் செய்யும் வேலையை மாடலிடம் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. "நாள்" கணக்கு வேறுபடுவதால் "கனமழை அளவை எட்டக்கூடும்" என்று எழுதச் செய்யுங்கள்.

பிழைச் செய்தியில் மூன்று விஷயம் இருக்கட்டும்: என்ன தவறு, ஏன், அடுத்து என்ன செய்வது. "பிழை 400" என்று வந்தால் மாடல் அதே மதிப்புகளை மறுபடி அனுப்பிப் பார்க்கும், அல்லது கற்பனையாக ஒரு பதிலைச் சொல்லிவிடும். நான் எழுதியவை:

"அட்சரேகை 80.27 வந்துள்ளது; 6 முதல் 38க்குள் இருக்க வேண்டும். இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கலாம். சரிபார்த்து ஒருமுறை மட்டும் மீண்டும் கூப்பிடவும்."

"வானிலைச் சேவை இப்போது கிடைக்கவில்லை. மீண்டும் கூப்பிட வேண்டாம். முன்கணிப்பு கிடைக்கவில்லை என்று பயனரிடம் சொல்லவும். மழையளவை ஊகித்துச் சொல்லக் கூடாது."

இரண்டாவது செய்தியின் கடைசி வாக்கியத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டி வைத்திருப்பவருக்கு, "தெரியவில்லை" என்ற பதிலால் பெரிய நஷ்டமில்லை. ஊகத்தால் உண்டு.

படி 8: சோதனை

1. படி 1இல் எழுதிய 20 கேள்விகளையும் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒரே கேள்விக்கு மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்காது. ஆகவே ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது ஓட்டுங்கள்.
2. ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்றைக் குறியுங்கள்: எந்த டூலைக் கூப்பிட்டது, என்னென்ன மதிப்புகளை அனுப்பியது, கடைசியில் என்ன சொன்னது.
3. பதில் சரியாக இருந்தாலும் அனுப்பிய மதிப்புகளைப் படியுங்கள். தற்செயலாகச் சரியாக அமைந்த பதில் அடுத்த வாரம் கவிழும்.
4. தவறு கண்ட இடத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றி, 20 கேள்விகளையும் மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று உடைவது இதில் சகஜம்.
5. விளக்கங்களை கிட் (Git) களஞ்சியத்தில் நிரலோடு சேர்த்து வையுங்கள். எந்தக் கேள்விக்காக எந்த வாக்கியம் சேர்ந்தது என்று கமிட் செய்தியில் எழுதுங்கள். மாடலின் புதிய பதிப்புக்கு மாறும்போது மறுபடி முழுச் சோதனை.

மூன்றாவது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிளாடுக்கு வலைத் தேடல் டூலைக் கொடுத்தபோது, அது தேவையே இல்லாமல் தேடல் சொற்களோடு "2025" என்று சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்ததாக ஆந்த்ரோபிக் பதிவு செய்திருக்கிறது. அதனால் தேடல் முடிவுகள் ஒரு பக்கம் சாய்ந்தன. டூலின் விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். கடைசிப் பதிலை மட்டும் பார்த்திருந்தால், முடிவுகள் ஏன் சாய்கின்றன என்று தெரிந்திருக்காது.

பாதுகாப்பு

மழையைப் படிக்கும் டூல் தவறினால் ஒரு தவறான பதிலோடு போகும். எழுதும், அனுப்பும், அழிக்கும் டூல்களின் கதை வேறு. நம் ஏஜென்டில் "எஸ்எம்எஸ்_அனுப்பு" என்று ஒரு டூலைச் சேர்த்து, மழை வரும் என்றால் குழுவில் உள்ள 300 விவசாயிகளுக்கும் செய்தி போகும்படி வைத்ததாகக் கொள்ளுங்கள்.

"பயனர் ஒப்புதல் தந்த பிறகே கூப்பிடவும்" என்று விளக்கத்தில் எழுதுங்கள். எழுதிவிட்டு, அதை நம்பி இருக்காதீர்கள். விளக்கம் மாடலுக்கு வழிகாட்டும். தடுத்து நிறுத்தும் வேலை நிரலுக்கு உரியது. ஒப்புதல் பொத்தானை மனிதர் அழுத்தாமல் அந்த ஃபங்ஷன் ஓடவே கூடாது. எம்சிபியில் "இது படிக்க மட்டும்", "இது அழிக்கக்கூடியது" என்று டூலின் மேல் குறிப்பு ஒட்டும் வசதி இருக்கிறது. அவையும் குறிப்புகள்தான், பூட்டாகாது.

ஏபிஐ கீ, கடவுச்சொல், உள் சர்வர் முகவரி எதையும் விளக்கத்தில் எழுதக் கூடாது. மாடலுக்குப் போனது எதுவும் பயனரின் திரைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. விடையிலும் அப்படியே: எஸ்எம்எஸ் டூல் "300 பேருக்கு அனுப்பப்பட்டது" என்று சொன்னால் போதும், 300 தொலைபேசி எண்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வெளியார் எழுதிய எம்சிபி சர்வரை இணைக்கும் முன், அதன் டூல் விளக்கங்களை முழுவதும் உட்கார்ந்து படியுங்கள். விளக்கத்தை மாடல் ஏறக்குறைய கட்டளை போலவே எடுத்துக்கொள்கிறது. விளக்கத்துக்குள் "இந்தக் கோப்பையும் படித்து அனுப்பு" என்று மறைவாக எழுதி ஏஜென்டைத் திசைதிருப்ப முடியும் என்பதை இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் காட்டியது. இதற்கு டூல் பாய்சனிங் என்று பெயர். முதல் நாள் நல்லதாக இருந்த விளக்கம் பின்னால் மாறவும் கூடும். அப்டேட் வந்தால் மறுபடி படியுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

ஏபிஐயின் ஆவணத்தை அப்படியே ஒட்டிவிடுவது. அது நிரல் எழுதுபவருக்காக எழுதப்பட்டது. எப்போது கூப்பிட வேண்டும் என்பது அதில் இருக்காது.

டூலின் உள்வேலையை விவரிப்பது. எந்த லைப்ரரி, எந்தக் கேஷ் என்பதால் மாடலுக்குப் பயனில்லை.

சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் ஒன்றும் டூல் விளக்கத்தில் வேறொன்றும் சொல்வது. "எப்போதும் உடனே பதில் சொல்" என்று அங்கே எழுதிவிட்டு, "ஊர் தெரியாவிட்டால் கேள்" என்று இங்கே எழுதினால், சில முறை கேட்கும், சில முறை கேட்காது. காரணம் தேடி நீங்கள் மணிக்கணக்கில் உட்காருவீர்கள். ஒரு விதி ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்.

"கண்டிப்பாக", "மிக முக்கியம்" என்று வரிக்கு வரி அழுத்துவது. பத்து இடத்தில் அழுத்தினால் எதற்கும் அழுத்தமில்லை. அதற்குப் பதில் காரணத்தை எழுதுங்கள். "நினைவிலிருந்து எண்களை நிரப்பினால் வேறு ஊரின் மழை வரும்" என்பது நன்றாக வேலை செய்கிறது.

வேலை முடிந்ததா என்று பார்க்க

20 கேள்விகளில் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்: "நாளைக்கு நெல்லை காயப் போடலாமா?" ஏஜென்ட் திருநெல்வேலிக்கு மழை தேடப் போனால் ஊர்_தேடு விளக்கத்தில் இன்னும் வேலை இருக்கிறது. எந்த டூலையும் கூப்பிடாமல் "எந்த ஊரில் காயப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டால், ஊரைச் சொல்லுங்கள். அடுத்து ஊர்_தேடு, அதன்பின் தினமழை_கணிப்பு என்ற வரிசையில் போய், நாளைய மழையை மில்லிமீட்டரிலும் வாய்ப்பை சதவீதத்திலும் சொல்லி, இது கணிப்புதான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து முறையும் இப்படியே நடந்தால் மூன்றாவது கேள்விக்குப் போகலாம்.